கரகம் இடம் மாறிய வருடம்

என் ஆய்வு நெறியாளர், பேராசிரியர் வல்லிபுரம், சிவப்புப் பென்சிலைக் கையில் எடுத்தாலே நான் நாற்காலி நுனிக்கு வந்துவிடுவேன். அன்று அவர் என் ஆய்வேட்டில் ஐந்தாம் அத்தியாயத்தின் முதல் பக்கத்தில் மூலைக்கு மூலை ஒரு கோடு இழுத்தார். அடுத்த பக்கத்தைப் புரட்டக்கூட இல்லை.

“இதை எடுத்துவிடும், பிள்ளை. மற்றதெல்லாம் நல்லாய் இருக்கு. இது இல்லாமல் குடுத்தால் ஒரு கரைச்சலும் இல்லாமல் பட்டம் தருவினம்.”

அது 1978-இன் தொடக்கம். பினாங்கில், பல்கலைக்கழகத்தில் தற்காலிக விரிவுரையாளராக இருந்தேன். அடுத்த ஆண்டு முடிவதற்குள் ஆய்வேட்டைக் கொடுத்துவிட்டால் வேலை நிரந்தரம். இல்லையென்றால் மூட்டையைக் கட்டிக்கொண்டு செமிலிங்கில் இருக்கும் அப்பா வீட்டுக்கு பஸ் ஏற வேண்டியதுதான். என் ஆராய்ச்சி கெடாவின் ரப்பர் தோட்டத் தொழிலாளர்களைப் பற்றியது. அவர்கள் உழைத்த மண்ணும் குடித்த தண்ணீரும் என்ன கதியாயின என்பதைப் பற்றியது. தொழிலாளர் வரலாறா, சுற்றுச்சூழல் வரலாறா, இரண்டில் ஒன்றைச் சொல் என்று சக விரிவுரையாளர்கள் கேலி செய்வார்கள். தோட்டத்து லயத்தில், கூலிகளின் வரிசை வீட்டில், பிறந்திருந்தால் அவர்களுக்கு அந்தக் கேள்வியே வந்திருக்காது.

ஐந்தாம் அத்தியாயம் நான் பிறந்த கல்லுமலைத் தோட்டத்தைப் பற்றியது. ஐம்பதுகளின் கடைசியில், ரப்பர் மரங்களுக்கிடையே மண்டிய லாலாங் புல்லைக் கொல்ல அங்கே ஒரு மருந்து அடித்தார்கள். சோடியம் ஆர்சனைட் என்று பெயர். நம் ஊர்ப் பேச்சில் சொன்னால் பாஷாணம். அந்த மருந்து அடிக்கும் கும்பலுக்கு மண்டோராக, அதாவது மேஸ்திரியாக, இருந்தவர் என் அப்பா இஞ்ஞாசிமுத்து. அந்த வருடம் லயத்து மாடுகள் ஒன்றன்பின் ஒன்றாக விழுந்தன. பூசாரி பக்கிரிசாமி மாமாவின் மகள் பிரேமாவதியும் செத்துப்போனாள். தமிழ்ப்பள்ளியில் என் பக்கத்தில் உட்கார்ந்தவள். வாந்திபேதி என்று தோட்டத்து ஆஸ்பத்திரி டிரெஸ்ஸர் சொன்னார். ஓடைத் தண்ணீரில் கலந்த மருந்துதான் காரணம் என்று நான் எழுதியிருந்தேன்.

“எழுதினால் போதுமோ? கம்பெனி அறிக்கை என்ன சொல்லுது?” என்று கேட்டார் வல்லிபுரம்.

அலோர் ஸ்டாரில், காற்றே வராத ஓர் ஆவண அறையில் உட்கார்ந்து நானே படித்த அறிக்கைதான். மருந்து கலப்பது, கழுவுவது எல்லாம் ஓடையிலிருந்து தள்ளி, மேட்டில் கட்டிய கொட்டகையில் மட்டுமே நடந்தது என்று அதில் இருந்தது.

“தோட்டத்துச் சனம் என்ன சொல்லுது?”

“மாரியாத்தா கோவம்னு சொல்றாங்க, சார்.”

“ஆத்தாவின்ர கோபத்தை அடிக்குறிப்பில ஏத்தேலாது.”

எனக்குக் கோபம் சட்டென்று வரும், போகத்தான் நாளாகும். “அத்தியாயம் இருக்கும், சார். ஆதாரத்தைக் கொண்டாறேன்,” என்று எழுந்துவிட்டேன்.

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. “யாழ்ப்பாணத்திலையிருந்து வந்த என்ர ஐயாவும் தோட்டத்தில கணக்கெழுதின கிராணிதான். கந்தோர்ப் பேப்பரில பொய் எப்பிடி ஏறுமெண்டு எனக்கும் தெரியும். அதுக்காகத்தான் சொல்லுறன். பேப்பரை அடிக்கிறதெண்டால் பேப்பரை விடப் பலமான ஒண்டு வேணும்,” என்றார்.

சொல்வது எளிது. அதற்கு முன்பே பலமுறை கல்லுமலைக்குப் போய் வாங்கிக் கட்டிக்கொண்டவள் நான். மருந்து எப்போது அடித்தார்கள், யார் அடித்தார்கள் என்று கேட்டால் அந்த ஊரில் பிறந்த எனக்கே பதில் வராது. “கவர்மெண்டு வேலையா இது?” என்பார்கள். எதையாவது சொல்லப்போய் லயத்து வீடு பறிபோனால் யார் கொடுப்பார்கள் என்ற பயம். அப்பாவிடம் கேட்டால் வாத்துக்கு இரை போட வேண்டும் என்று கொல்லைப்பக்கம் போய்விடுவார். அந்த வாத்துகளைப் போல் வேளாவேளைக்கு இரை தின்ற வாத்துகள் செமிலிங்கிலேயே கிடையாது.

சித்திரையில் கல்லுமலை மாரியம்மன் திருவிழா வந்தது. நாங்கள் வேதக்காரர்கள். இருந்தாலும் அந்தத் திருவிழாவில் எங்கள் குடும்பத்துக்கு ஒரு பங்கு உண்டு. கரகம் பாலிப்பது எங்கள் மாதா கோயில் கிணற்றடியில்தான் நடக்கும். செம்பில் தண்ணீர் நிரப்பி, வேப்பிலையும் பூவும் வைத்து உயரமாகச் சோடித்து, உடுக்கை அடித்து அம்மனை அழைப்பார்கள். பிறகு பூசாரி அதைத் தலையில் ஏற்றிக்கொண்டு அம்மன் கோயிலுக்கு இறங்குவார். அந்தச் செம்புக்குத் தண்ணீர் இறைத்துக் கொடுப்பவர் என் அப்பா. ஓய்வு பெற்று செமிலிங்குக்குக் குடிவந்த பிறகும் அந்த ஒரு நாளுக்கு வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார். மாதாவே மாரிக்குத் தண்ணி குடுக்குறா என்று பெதோங்கிலிருந்து பூசைக்கு வரும் பங்குச் சாமியார்கூடப் பெருமையாகச் சொல்வார்.

சின்ன வயதிலிருந்து பார்த்துப் பார்த்து அதை நான் பார்க்காமலே இருந்திருக்கிறேன். அன்றுதான் உறைத்தது. மாதா கோயில் மேட்டின் உச்சியில் இருக்கிறது. அம்மன் கோயில் கீழே, ஓடைக்கரையில். தண்ணீரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இத்தனை பேர் வெயிலில் மேடேறி வருகிறார்கள். அறுபதைத் தாண்டிய பக்கிரிசாமி மாமா தலையில் கரகத்தோடு அந்தச் சரிவில் இறங்க வேண்டும்.

“மாமா, ஓடையிலயே பாலிக்கலாமே? ஏன் இவ்வளவு தூரம்?” என்றேன்.

“முன்ன அங்கதான் பாப்பா. ஆத்தா அந்தத் தண்ணி வேணாம்னுட்டா.”

“எப்போ?”

“மாடுங்க விழுந்த வருசம்.”

சொல்லிவிட்டு அவர் வேப்பிலைக் கட்டை அவிழ்த்தார். கிணற்றுக் கயிற்றைப் பிடித்திருந்த அப்பா என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு வாளியை உள்ளே விட்டார்.

எனக்கு உடம்பெல்லாம் பரபரத்தது. அந்த ஓடை கல்லுமலையோடு நிற்பதில்லை. தோட்டம் தோட்டமாக இறங்கி மெர்போக் ஆற்றில் போய்ச் சேருகிறது. வழியில் உள்ள ஒவ்வொரு தோட்டத்திலும் ஒரு மாரியம்மன், ஒரு திருவிழா, ஒரு கரகம். மற்றவர்களுடைய ஆத்தா என்ன சொன்னாள்? மருந்தைப் பற்றிக் கேட்டால்தான் வாய்க்குப் பூட்டு. கரகத்தைப் பற்றிக் கேட்டால் காப்பி கலந்து கொடுத்து, உட்கார வைத்துச் சொல்வார்கள்.

பழைய ஹொண்டா மோட்டார் சைக்கிள் ஒன்றை வாங்கினேன். அந்தத் திருவிழாக் காலம் முழுக்க வார இறுதிகளில் செம்மண் சாலைகளில்தான் என் குடித்தனம். மழை பெய்தால் வண்டியை நான் தள்ள வேண்டும். பெய்யாவிட்டால் புழுதியில் குளிக்க வேண்டும். பொம்பளைப் பிள்ளை இப்படித் தோட்டம் தோட்டமாகத் திரிகிறாளே, யார் கட்டிக்கொள்வார்கள் என்று என் காதுபடவே பேசினார்கள். கட்டிக்கொள்ள வருபவன் முதலில் ஐந்தாம் அத்தியாயத்தைப் படிக்கட்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

கல்லுமலைக்கு மேலே, மலையடிவாரத் தோட்டங்களில் கரகம் அப்போதும் ஓடையில்தான் பாலிக்கப்பட்டது. கீழே அடுத்த தோட்டத்தில் குணவதி அக்காவைப் பார்த்தேன். ரப்பர் பால் வெட்டி முடித்து, குளித்து, தலையைத் துவட்டிக்கொண்டே பேசினார்.

“எங்க கரகமா? பைப்படியிலதான்லா பாலிக்கிறோம். பெரிய சூசா அது, ஒரே தொல்லை. உடுக்கை அடிச்சா ஆத்தா வந்துடுவா, பைப்புல தண்ணி வராது. போன வருசம் பூசாரி அருள் வந்து ஆடிக்கிட்டே ஆள அனுப்பி, ஸ்டோர்ல போயி வால்வத் தொறங்கடான்னாரு.”

எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. அவரும் சிரித்தார்.

“முன்னாடி எங்கக்கா?”

“சுங்கையிலதான், இந்த ஓடையில. கல்லுமலையில ஏதோ தீட்டாகி, ஆத்தா கோவிச்சுக்கிட்டா. எங்க பசுவும் கன்னும் ஒரே நாள்ல விழுந்துச்சு. அப்பறம் சுங்கைப் பக்கமே கரகம் போகல.”

“என்ன தீட்டு?”

துவட்டிய கை நின்றது. “நீ இஞ்ஞாசி மண்டோர் மகதானே? உங்கப்பாவையே கேளேன்.”

அந்தப் பேச்சு என் மனதில் முள்ளாகத் தைத்தது. ஆனாலும் நான் அங்கேயே நிற்கவில்லை. மீதித் தோட்டங்களையும் பார்த்து முடித்தேன். ஒரே ஓர் இடம் என்னைத் தூங்கவிடாமல் அடித்தது. ஓடையின் கடைசியில் இருந்த ஒரு தோட்டத்தில், “நாங்க இன்னும் ஓடத் தண்ணியிலதான் பாலிக்கிறோம்,” என்று அடித்துச் சொன்னார்கள். போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்தேன். அதை மறைத்துவிடலாம் என்ற ஆசையும் ஒரு நிமிடம் வந்தது. மறுவாரம் அவர்களையே கூட்டிக்கொண்டு இடத்தைப் பார்க்கப் போனேன். அவர்கள் காட்டியது வேறொரு ஓடை. ஜெராய் மலையிலிருந்து தனியாக இறங்கி வருவது. பழைய இடத்தை அவர்களும் அதே வருடத்தில்தான் விட்டிருந்தார்கள். வண்டி ஓட்டிக்கொண்டே வாய்விட்டுப் பாட்டுப் பாடினேன்.

வரைபடம் போட்டு வல்லிபுரத்தின் மேசையில் விரித்தேன். ஓடையில் கல்லுமலைக்கு மேலே ஒரு கரகமும் இடம் மாறவில்லை. கல்லுமலையிலும் அதற்குக் கீழேயும் ஒன்றுகூட மிச்சமில்லாமல் மாறியிருந்தது. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி போட்டுக்கொண்டு பார்த்தார்.

“கெட்டிக்காரி,” என்றார். அந்த வாயிலிருந்து அந்தச் சொல் வந்து நான் கேட்டதில்லை. “தண்ணி கெட்டது கல்லுமலையில எண்டு இது காட்டுது. ஆனா என்னத்தால கெட்டதெண்டு காட்டேல்லை. மருந்து மேட்டிலதான் இருந்ததெண்டு அவையள் எழுதி வச்சிருக்கினம். அது ஓடைக்கு வந்ததைக் கண்ட ஒரு ஆள் வேணும். பேரோட.”

அந்த ஆள் யார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அன்றைக்கே செமிலிங்குக்கு பஸ் ஏறினேன்.

அப்பா கொல்லையில் வாத்துகளோடு இருந்தார். நான் அவருக்கும் வீட்டு வாசலுக்கும் நடுவில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தேன். “அப்பா, குணவதியக்கா உங்களைக் கேக்கச் சொன்னாங்க. என்ன தீட்டு?”

எனக்குப் பின்னாலிருந்த வாசலைப் பார்த்தார். பிறகு தவிட்டுச் சட்டியைக் கீழே வைத்தார்.

“நான்தான். மருந்து டின்னு, பம்ப்பு எல்லாம் கோயிலுக்கு மேலாண்ட ஓடையிலதான் கழுவுவோம். மாடுங்க விழுந்தப்ப கோயில்ல சாமி வந்து, எந் தண்ணியில கை வச்சவன் எவன்னு கேட்டுச்சு. நான் முன்னால போயி நின்னேன். வேதக்காரன் கையி, ஆத்தா தண்ணி. தீட்டுன்னாங்க. எனக்கும் அப்பிடித்தான் பட்டுச்சு. எங்க கிணத்துத் தண்ணிய நானே எறைச்சுத் தாறேன், வருசா வருசம் தாறேன்னு பக்கிரிகிட்ட சொன்னேன். மகளப் பறிகுடுத்தவன், சரின்னான். அன்னியிலருந்து ஒரு வார்த்த என்னைச் சொன்னதில்ல.”

“மருந்துதான் கொன்னுச்சுன்னு ஒருத்தருக்கும் தோணலியா?”

“எப்பிடித் தோணும்? புல்ல மட்டுந்தான் கொல்லும்னு தொர சொல்லிட்டாரு. நாள் பூரா அந்த மருந்துல நனைஞ்ச நானே குத்துக்கல்லாட்டம் நிக்கிறேன். அது மாட்டக் கொல்லுமான்னு எல்லாருந்தான் பேசுனோம்.”

அவர் கையை எடுத்து என் மடியில் விரித்தேன். உள்ளங்கை முழுக்க ஆணி ஆணியாகத் தடித்த தோல். ஆத்தா குடுத்தது என்று அவர் அதற்கு ஒரு நாளும் மருத்துவரிடம் போனதில்லை. பாஷாணம் உடம்பில் ஊறினால் உள்ளங்கை இப்படித்தான் ஆகும் என்று நான் புத்தகத்தில் படித்திருந்தேன். அதைச் சொன்னேன். மாடுகள் மருந்து பட்ட புல்லின் உப்புச் சுவைக்காகவே தேடித்தேடி மேயும் என்பதையும் சொன்னேன். கழுவிய தண்ணீரைக் குடித்தால் குழந்தை என்ன ஆகும் என்பதையும் சொன்னேன். தீட்டு என்று ஒன்றும் இல்லை, அப்பா குற்றவாளி இல்லை என்று கேட்டு நிம்மதியாவார் என்று நினைத்த என்னைப் போல் ஒரு மடச்சி உண்டா?

அவர் என் மடியிலிருந்து கையை இழுத்துக்கொண்டார்.

“தீட்டுன்னா தண்ணி எறைச்சுத் தீத்துக்கலாம்னு இருந்தேன், புள்ள. வெசம்னு சொல்றியே. அப்ப பக்கிரி மகள நானில்ல கொன்னுருக்கேன்?”

எனக்கு அழுகை வந்தது. அழுதுகொண்டேதான் கேட்டேன். அந்தக் கேள்வியை அன்று விட்டிருந்தால் பிறகு கேட்கவே முடியாது. “மேட்டுல கொட்டகை இருந்துச்சாப்பா?”

“இருந்துச்சு. தண்ணிக்கொழாதான் இல்ல. கீழேருந்து தூக்கிட்டுப் போயித்தான் கலக்கணும், கழுவணும். நேரமாவுதுன்னு சின்ன தொர, அந்த அசிஸ்டண்டு மேனேஜரு, கத்துனாரு. எல்லாத்தையும் ஓடைக்கே எறக்கு, அங்கயே கலக்கு, அங்கயே கழுவுன்னாரு.”

“அதைத்தாம்பா நான் எழுதணும். உங்க பேரைப் போட்டு.”

“எழுதாத. பக்கிரி மூஞ்சியில எப்பிடி முழிப்பேன்?”

பேரைப் போடாமல் எழுத முடியாது. அவர் சம்மதிக்காமல் பேரைப் போட மாட்டேன். அத்தியாயத்தை எடுக்கவும் மாட்டேன். அந்த மூன்றுக்கும் நடுவில் வருடம் ஓடியது. பல்கலைக்கழகத்தில் என் இடத்துக்கு வேறு ஆள் பார்க்கிறார்கள் என்று பேச்சு அடிபட்டது. மற்ற அத்தியாயங்களைத் தட்டச்சு செய்து முடித்தேன். ஐந்துக்கு மட்டும் இடம் விட்டு வைத்தேன். செமிலிங்குக்குப் போகும்போதெல்லாம் அப்பாவிடம் ஒன்றை மட்டும் சொல்லிவிட்டு வருவேன். “கழுவின கை உங்களுது. கழுவச் சொன்ன வாய் யாரோடது?” அவர் தவிட்டுச் சட்டியை எடுத்துக்கொண்டு எழுந்துவிடுவார். வாத்துகள் கொழுத்தன.

அடுத்த சித்திரை வந்தது. மாதா கோயில் கிணற்றடியில் உடுக்கை முழங்கிக்கொண்டிருந்தது. பக்கிரிசாமி மாமா மஞ்சள் வேட்டியில் செம்பை ஏந்தி நின்றார். அப்பா கயிற்றைப் பிடித்தார். வாளியை உள்ளே விடவில்லை.

“பக்கிரி, மேளத்த நிறுத்தச் சொல்லு.”

நின்றது. ஊரே பார்த்தது. அவர் அங்கே பேசுவார் என்று எனக்குத் தெரியாது.

“தீட்டு இல்ல பக்கிரி. மருந்து. நான் கழுவுன மருந்து வெசம். மாடும் அதுலதான் போச்சு. நம்ம பிரேமாவும் அதுலதான் போச்சு. எம்மக படிச்சுட்டு வந்து சொல்லுது. இந்தா என் கை, பாரு. நீ என்ன செஞ்சாலும் சரி.”

பக்கிரிசாமி மாமா செம்பைக் கிணற்றுச் சுவரில் வைத்தார். அப்பாவின் உள்ளங்கையை வெளிச்சத்துக்குத் திருப்பிப் பார்த்தார். அந்தக் கையை விடவில்லை. அடிக்கப் போகிறார் என்றே நினைத்து நான் இரண்டு பேருக்கும் நடுவில் போனேன்.

“நீ தள்ளு,” என்றார் என்னிடம். பிறகு அப்பாவிடம், “ஓடையில கழுவச் சொன்னது யாரு?” என்று கேட்டார்.

ஒரு வருடமாக நான் வேறு சொற்களில் கேட்டது. அவருக்கு அது ஒரே மூச்சில் வந்தது.

“சின்ன தொர.”

“மேட்டுக் கொட்டகை?”

“அதுல தண்ணி ஏது?”

பக்கிரிசாமி மாமா கிணற்றுச் சுவரில் உட்கார்ந்துவிட்டார். துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். துண்டை எடுத்துத் தோளில் போட்டார்.

“இத்தன வருசமா உன்ன மன்னிச்சிட்டேன், மன்னிச்சிட்டேன்னு நெனச்சுக்கிட்டுக் கெடந்தேனடா, இஞ்ஞாசி. அந்த ஆள ஒருத்தரும் ஒரு கேள்விகூடக் கேக்கலியே.” பிறகு என் பக்கம் திரும்பினார். “நீ எழுது பாப்பா. எம் பேரையும் போடு. எம்மக பேர விட்டுடாத.”

செம்பை எடுத்துக்கொண்டு எழுந்தார். “எறைடா. ஆத்தாவ எவ்வளவு நேரம் நிக்க வைக்கிறது?” என்றார். அப்பா வாளியை விட்டார். நிரம்பிய வாளி பாதிக் கிணற்றில் நின்றுவிட்டது. மாமா ஒரு கையால் செம்பை அணைத்துக்கொண்டு, மறு கையால் அந்தக் கயிற்றைப் பிடித்தார்.

ஐந்தாம் அத்தியாயத்தை அந்த மாதமே எழுதி முடித்து வல்லிபுரத்திடம் கொடுத்தேன். இந்த முறை எல்லாப் பக்கங்களையும் படித்தார். கடைசியில் அடிக்குறிப்பில் விரலை வைத்தார்.

“இஞ்ஞாசிமுத்து, மருந்து மண்டோர். இந்தச் சாட்சி உமக்கு என்ன முறை?”

“அப்பா.”

“அதையும் போடும். ஒளிச்சால் கம்பெனி செய்த வேலையைத்தான் நாங்களும் செய்யிறம்.” சிவப்புப் பென்சிலால் அந்த இடத்தில் அவரே ஒரு சின்னக் குறி போட்டார். வேறெங்கும் அந்தப் பென்சில் படவில்லை.

பட்டம் வந்தது, வேலையும் நிரந்தரமானது. கெடாவிலும் பேராக்கிலும் எத்தனையோ ஓடைகளின் கரையில் அதற்குப் பிறகு நடந்திருக்கிறேன். எங்கே போனாலும் என் முதல் கேள்வி கரகம் எங்கே பாலிக்கிறீர்கள் என்பதுதான். 1983-இல் ஆய்வேடு புத்தகமாக வந்தபோது முதல் பிரதியை செமிலிங்குக்கு எடுத்துப் போனேன். ஆங்கிலத்தில் இருந்ததால் ஐந்தாம் அத்தியாயத்தை அப்பாவுக்குத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தேன். அவர் கண்ணை மூடிக் கேட்டார். நடுவில் கையைக் காட்டி நிறுத்தினார்.

“பக்கிரி மக பேரு வந்துச்சா?”

“வந்துச்சுப்பா. உங்க பேருக்கு முன்னாடியே.”

“சின்ன தொர பேரு?”

“அதுவும் இருக்கு.”

“படி,” என்றார்.